ஜான் கோல்ட்ரேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் சீக்கிரமே ஜான் கோல்ட்ரேன் என்ற பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். முதலில் கையில் கிடைத்த ஆல்பம் பிடித்துப்போகும். இரண்டாவதை எடுத்தால், "இதே ஆள்தானா இது?" என்று குழம்பிப்போவார்கள். அந்தக் குழப்பத்தோடு நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், ஆரம்பத்தில் எனக்கே இருந்த கேள்விகளையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர். டெனர் சாக்ஸபோனும் சோப்ரானோ சாக்ஸபோனும் வாசித்தவர். 1926 செப்டம்பர் 23 அன்று பிறந்து, 1967 ஜூலை 17 அன்று நாற்பது வயதில் இறந்துபோனார். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்த 1955இல்தான் அவர் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது. அதிலிருந்து இறப்பு வரை பன்னிரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. இன்று நாம் கேட்கும் கோல்ட்ரேன் ஏறக்குறைய முழுதும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் பதிவானதுதான்.

சாக்ஸபோன் என்றால் எனக்கு 'டூயட்' படம்தான் ஞாபகம் வருகிறது. அதுவும் இதுவும் ஒரே வாத்தியமா?

ஒரே குடும்பம். 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அவர் கையில் இருந்தது ஆல்டோ சாக்ஸபோன். அதைவிடப் பெரியது, குரல் தாழ்ந்தது டெனர். கோல்ட்ரேனின் முதன்மை வாத்தியம் அதுதான். 1960இலிருந்து அவர் அதிகம் எடுத்த சோப்ரானோ, பார்வைக்குக் கிளாரினெட் போல நேராக இருக்கும், குரல் உச்சத்தில் நிற்கும். முதன்முதலாக அதைக் கேட்ட ஒரு நண்பர், "யாரோ நாதஸ்வரம் பழகுகிற மாதிரி இருக்கிறதே" என்றார். குறையாகத்தான் சொன்னார். எனக்கென்னவோ அது சரியான வர்ணனை என்றே பட்டது.

கர்நாடக சங்கீதத்துக்கும் ஜாஸுக்கும் இந்த வாத்தியம் வழியாகப் பாலம் போட்டவர்கள் உண்டு. கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்காவின் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' 2008இல் வந்தது. கோல்ட்ரேன் விஷயம் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள்.

இளமைக் காலம் எப்படி?

பிறந்தது வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்ற சின்ன ஊர். வளர்ந்தது அதே மாநிலத்தின் ஹை பாயின்ட். அப்பா தையல்காரர், பொழுதுபோக்காக வாத்தியம் வாசிப்பார். அம்மாவைப் பெற்ற தாத்தா தேவாலயப் பிரசங்கி. பின்னாளில் கோல்ட்ரேன் இசையில் ஏறி இறங்கும் அந்தப் பிரசங்கத் தொனி எங்கிருந்து வந்தது என்று ரொம்பத் தேட வேண்டியதில்லை.

அவருக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1938 கடைசியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் தாத்தா, அப்பா, பாட்டி என்று வீட்டில் அடுத்தடுத்துச் சாவு. அதே சமயத்தில்தான் பையன் ஊர் பேண்டில் சேர்ந்து ஊதப் பழகியது. 1943இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபோனார். அங்கே இசைப்பள்ளிகளில் முறையாகப் படித்தார். விடாத சாதகம். வாயில் ரீடோடு (சாக்ஸபோனின் ஊதும் முனையில் இருக்கும் நாணல் பட்டை) தூங்கிப்போவார் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்வதுண்டு.

முதல் ஒலிப்பதிவு எது?

1945இல் கடற்படையில் சேர்ந்து ஹவாயில் இருந்தார். அங்கே சக வீரர்களோடு 1946 ஜூலையில் சில பாட்டுகளைத் தட்டில் பதிந்தார்கள். ஆல்டோ வாசிக்கிறார். புகழ்பெற்ற ஆல்டோ கலைஞர் சார்லி பார்க்கரை நகலெடுக்கப் பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையன், அவ்வளவுதான். மேதைக்கான அடையாளம் ஒன்றும் அதில் தெரியாது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அதன்பிறகு ஒன்பது வருடம் பிறர் குழுக்களில். எடி வின்சன் குழுவில் இருந்தபோது டெனருக்கு மாறினார். டிசி கில்லெஸ்பி, ஏர்ல் பாஸ்டிக், ஜானி ஹாட்ஜஸ் என்று பெரிய பெரிய ஆட்களோடு ஊர் ஊராகப் போனார். ஆனாலும் 29 வயது வரை அவர் பெயரில் ஒரு ஆல்பம் கிடையாது.

போதைப் பழக்கம் இருந்தது என்கிறார்களே?

இருந்தது. ஹெராயினும் குடியும். அதனாலேயே 1954இல் ஜானி ஹாட்ஜஸ் குழுவிலிருந்து போக வேண்டியதாயிற்று. 1957 வசந்தத்தில் மைல்ஸ் டேவிஸும் வெளியே அனுப்பினார். மைல்ஸே முன்பு அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர், அதனால் கூடுதல் கோபம்.

அந்த அடிக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியா வீட்டில் இருந்து கோல்ட்ரேன் ஹெராயினை விட்டார். அந்த வருடம் கடவுள் அருளால் தனக்கு ஓர் ஆன்மிக விழிப்பு கிடைத்ததாக ஏழு வருடம் கழித்து அவரே எழுதினார். அவர் பதிவுகளைக் கேட்கும்போது 1957 என்ற வருடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவர் நல்ல வாத்தியக்காரர்களில் ஒருவர். அதற்குப் பின் கதையே வேறு.

1957இல் அப்படி என்ன நடந்தது?

மே மாதக் கடைசியில் பிரெஸ்டீஜ் கம்பெனிக்காகத் தன் பெயரில் முதல் ஆல்பத்தைப் பதிந்தார். ஜூலையிலிருந்து நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் தெலோனியஸ் மங்க் குழுவில் வாசித்தார். பியானோவில் மங்க் போடும் கணக்குகள் எப்போது எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் பியானோவை விட்டு எழுந்துபோய் ஆட ஆரம்பித்துவிடுவார். பாட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது கோல்ட்ரேன். அதைவிடக் கடுமையான குருகுலம் இருக்க முடியாது.

செப்டம்பர் 15 அன்று ப்ளூ நோட் கம்பெனிக்காக 'ப்ளூ ட்ரெயின்'. ஐந்து பாட்டில் நான்கு அவர் எழுதியவை. டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது பத்தொன்பது வயது! பதிவு நடந்தது நியூஜெர்சியின் ஹாக்கென்சாக்கில், ரூடி வான் கெல்டர் என்பவரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில். வான் கெல்டர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். மற்ற நேரத்தில் ஒலிப்பதிவு. 1959இல்தான் கண்ணாடித் தொழிலை விட்டுவிட்டு எங்கல்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டினார். கோல்ட்ரேனின் பிற்கால ஆல்பங்களில் பெரும்பகுதி அங்கே பிறந்தவைதான்.

நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் மங்க் குழுவின் கச்சேரி. அந்த டேப் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஒரு வித்துவான் தன்னைக் கண்டுபிடித்த வருடத்தின் நல்ல சாட்சி, 48 வருடம் அலமாரியில் தூங்கியிருக்கிறது.

"ஷீட்ஸ் ஆஃப் சவுண்ட்" என்று ஏதோ சொல்கிறார்களே?

1958 வாக்கில் அவர் வாசிப்புக்கு விமர்சகர் ஐரா கிட்லர் வைத்த பெயர். ஒவ்வொரு ஸ்வரமாகக் காதில் விழாமல், துணி விரித்த மாதிரி ஒரு பரப்பாக வந்து விழுகிறது என்ற பொருளில் சொன்னது. உண்மையில் நடப்பது என்னவென்றால், ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்தால் அதற்குள் இன்னும் இரண்டு மூன்று கார்டுகளின் ஸ்வரங்களையும் அந்த நேரத்துக்குள்ளேயே அடைத்துவிடப் பார்க்கிறார். இடம் போதாது, அதனால் வேகம்.

நிறுத்தத் தெரியாத மனிதர் என்றும் பெயர். "எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை" என்று மைல்ஸிடம் சொன்னதாகவும், "வாத்தியத்தை வாயிலிருந்து எடு" என்று மைல்ஸ் பதில் சொன்னதாகவும் ஒரு கதை ரொம்பக் காலமாக உலவுகிறது.

'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஏன் இவ்வளவு கஷ்டம் என்கிறார்கள்?

நம் சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஷட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயியை மூன்று சம பாகமாக வெட்டினால் கிடைக்கும் இடங்கள் இவை. இப்போது இந்த மூன்றும் மாறி மாறி ஷட்ஜமாகிக்கொண்டே இருந்தால்? கிரக பேதத்தை நம் வித்வான்கள் ஒரு ராகத்துக்கு நடுவே நிதானமாகக் காட்டி, கைதட்டல் வாங்கி, பழைய சுருதிக்குத் திரும்புவார்கள். இங்கே கண்மூடித் திறப்பதற்குள் 'சா' இடம் மாறுகிறது, சுருதிப்பெட்டியும் கூடவே மாறுகிறது. மனோதர்மமாக வாசிக்கிறவர் அத்தனை மாற்றத்துக்கும் ஈடுகொடுத்தாக வேண்டும்.

1959 மே மாதம் அட்லாண்டிக் கம்பெனிக்காகப் பதிந்தது இது. கோல்ட்ரேன் இந்தப் பாதையை வீட்டில் வாரக்கணக்கில் உருப்போட்டிருந்தார். பியானோ வாசித்த டாமி ஃபிளனகனோ இந்த வேகத்தை எதிர்பார்க்கவில்லை. அவர் முறை வரும்போது கேளுங்கள்: நாலு ஸ்வரம் போடுகிறார், நிற்கிறார், கார்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிறார். ஃபிளனகன் சாதாரண ஆள் இல்லை. 1982இல் அதே பாட்டை எடுத்துத் தன் குழுவோடு அழகாகப் பதிவு செய்து கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

ஆல்பத்தின் தலைப்புகள் கிட்டத்தட்டக் குடும்ப அட்டை மாதிரி இருக்கும். 'நைமா' முதல் மனைவி பெயர். 'சயீதா' மகள். 'கசின் மேரி', கூடவே வளர்ந்த உறவுப் பெண். 'மிஸ்டர் பி.சி.' அவரோடு பேஸ் (தாழ்ந்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த பால் சேம்பர்ஸ்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவரும் இவரேதானே? அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது!

இவரேதான். 1958 தொடக்கத்தில் மைல்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டார். மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் பதிவானது. கார்டுகளை நெரிசலாக்காமல், ஒரு ஸ்கேலில் நீண்ட நேரம் தங்கி வாசிக்கும் முறை. ராகத்தில் சஞ்சாரம் செய்வதற்குப் பழகிய நம் காதுக்கு இது உடனே பிடிபடும். இரண்டே வாரத்தில் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. கார்டு நெரிசலின் உச்சம் ஒன்று, கார்டே வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டு எதிர் திசையிலும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் போய்க்கொண்டிருக்கிறார். பிற்பாடு அவர் தேர்ந்துகொண்டது தங்கி வாசிக்கும் வழியைத்தான்.

'மை ஃபேவரிட் திங்ஸ்' சினிமாப் பாட்டுதானே?

இந்தப் பாட்டு வரும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' சினிமா 1965இல்தான் வந்தது. அதற்கு முன்பே 1959இல் பிராட்வே நாடகமாக வந்துவிட்டது. கோல்ட்ரேன் நாடகப் பாட்டை எடுத்து 1960 அக்டோபரில் பதிந்தார். மூன்று மூன்றாக நடக்கும் வால்ட்ஸ், நம் கணக்கில் திஸ்ரம். பாட்டின் மெட்டைச் சோப்ரானோவில் சொல்லிவிட்டு, நடுவில் இரண்டே கார்டுகளின் மேல் பியானோவைச் சுற்றவிட்டு, அதன் மேல் ஆலாபனை மாதிரி விரித்துக்கொண்டே போகிறார். பதின்மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும். குழந்தைகளுக்கான பாட்டு இவ்வளவு தாங்குமா என்று அதற்கு முன் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நன்றாக விற்றது. சாகும்வரை மேடையில் இதை வாசித்தார், வருடத்துக்கு வருடம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி மாற்றி.

ஆல்பங்களை வெளிவந்த வருட வரிசையில் கேட்கிறேன். தாறுமாறாக இருக்கிறதே, ஏன்?

வாருங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

அட்டையில் போட்டிருக்கும் வெளியீட்டு வருடத்தை நம்பாதீர்கள். பதிவான தேதியைப் பாருங்கள். கோல்ட்ரேன் முதலில் பிரெஸ்டீஜ், பிறகு அட்லாண்டிக், 1961இலிருந்து இம்பல்ஸ் என்று மூன்று கம்பெனிகளில் இருந்தார். ஒவ்வொரு கம்பெனியிலும் அவர் பதிந்து வைத்துவிட்டுப் போன டேப்கள் குவிந்து கிடந்தன. அவர் புகழ் ஏற ஏற, பழைய கம்பெனிகள் அந்தக் கையிருப்பை ஒவ்வொன்றாகப் புது அட்டை போட்டுச் சந்தைக்கு விட்டன. 1965இல் ஒருவர் கடைக்குப் போயிருந்தால் இம்பல்ஸ் வெளியிட்ட 'எ லவ் சுப்ரீம்' புதுசு, பிரெஸ்டீஜ் வெளியிட்ட 'பஹியா'வும் புதுசு. முன்னது சில வாரங்களுக்கு முன் பதிவானது. பின்னது 1958இல் பதிவானது. இரண்டையும் வாங்கிப் போனவருக்கு என்ன புரிந்திருக்கும்?

1960 அக்டோபரில் ஒரே வாரத்தில் நடந்த பதிவுகள் மூன்று ஆல்பங்களாகப் பிரிந்தன. 'மை ஃபேவரிட் திங்ஸ்' 1961இல் வந்தது, இன்னொன்று 1962இல், 'கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்' 1964இல். அதைவிட வேடிக்கை 1961 மே மாதம். 23ஆம் தேதி இம்பல்ஸுக்காகப் பெரிய குழுவோடு 'ஆஃப்ரிக்கா/பிராஸ்' பதிவைத் தொடங்குகிறார். 25ஆம் தேதி அட்லாண்டிக் பாக்கியை அடைக்க 'ஒலே' பதிகிறார். அதில் புல்லாங்குழலும் ஆல்டோவும் வாசித்த எரிக் டால்ஃபி வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால், அட்டையில் ஜார்ஜ் லேன் என்று பொய்ப் பெயர்!

'லைவ் அட் பேர்ட்லேண்ட்' என்ற ஆல்பத்தில் ஸ்டூடியோப் பதிவும் இருக்கிறது. 'இம்ப்ரெஷன்ஸ்' 1963இல் வந்தது, அதன் இரண்டு நீண்ட பாட்டுகளும் 1961 நவம்பரில் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்தவை. ஒரு தாளில் பதிவுத் தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு அதன்படி கேட்டுப் பாருங்கள். தாறுமாறு போய், ஒரு மனிதர் மாதத்துக்கு மாதம் நகர்வது தெரியும்.

விமர்சகர்கள் திட்டினார்களாமே?

திட்டினார்கள். டால்ஃபியும் அவரும் சேர்ந்து நீள நீளமாக வாசிப்பதைக் கேட்டு, 1961 நவம்பரில் 'டவுன் பீட்' என்ற ஜாஸ் பத்திரிகையில் ஜான் டைனன் "ஜாஸுக்கு எதிரானது" என்று எழுதினார். அடுத்த ஏப்ரலில் அதே பத்திரிகை இருவரையும் அழைத்துப் பதில் சொல்ல வைத்தது. பதில் ரொம்ப மரியாதையானது. கோல்ட்ரேன் பொதுவாகவே அதிர்ந்து பேசாதவர். 1965இல் அதே 'டவுன் பீட்' அவரைத் தன் புகழ்க்கூடத்தில் சேர்த்தது.

மெதுவான, இனிமையான பாட்டுகளே கிடையாதா?

ஏன் இல்லை? 'பேலட்ஸ்' ஆல்பம், பியானோ கலைஞர் டியூக் எலிங்டனோடு 1962 செப்டம்பரில் ஒன்று, பாடகர் ஜானி ஹார்ட்மனோடு 1963 மார்ச் 7 அன்று ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதும் போடலாம்.

அவருடைய பிரபலமான நால்வர் குழு யார் யார்?

பியானோ மெக்காய் டைனர், பேஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ், அப்புறம் இவர். 1962 முதல் 1965 வரை இதே நால்வர். எல்வின் தாளம் போடுகிறவர் இல்லை, தாளத்தைக் கொதிக்க வைக்கிறவர். அவரும் கோல்ட்ரேனும் மட்டும் வாசிக்க, மற்ற இருவரும் ஒதுங்கி நிற்கும் இடங்கள் உண்டு. தனியாவர்த்தனத்தை இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வாசித்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

'அலபாமா' என்ற பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் இனவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஒருத்திக்குப் பதினொன்று, மற்ற மூவருக்கும் பதினான்கு வயது.

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று கோல்ட்ரேன் இதைப் பதிந்தார். சொல் எதுவும் இல்லை. பியானோ அடியில் உறுமிக்கொண்டே இருக்க, மேலே சாக்ஸபோன் ஒப்பாரியின் முதல் வரி மாதிரி ஒன்றை எடுத்து, விட்டு, மறுபடி எடுக்கிறது. நடுவில் தாளம் வருகிறது, கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம்தான். 'லைவ் அட் பேர்ட்லேண்ட்' ஆல்பத்தில் ஸ்டூடியோப் பதிவும் இருக்கிறது என்றேனே, அதில் ஒன்று இது.

'எ லவ் சுப்ரீம்' அவ்வளவு பெரிய ஆல்பமா? எப்படிக் கேட்பது?

1964 டிசம்பர் 9, எங்கல்வுட் கிளிஃப்ஸ் ஸ்டூடியோ, ஒரே இரவு. முப்பத்து மூன்று நிமிடம். நான்கு பகுதி. 1957இல் கிடைத்த அந்த விழிப்புக்குக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று அட்டையில் அவரே எழுதியிருக்கிறார்.

முதல் பகுதியில் பேஸ் நான்கு ஸ்வரம் கொண்ட ஒரு சின்னச் சொற்கட்டைப் பிடிக்கும். அதைக் காதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாதியில் கோல்ட்ரேன் அந்த நான்கு ஸ்வரத்தையே எடுத்து ஒவ்வொரு சுருதியாக இடம் மாற்றி வாசிக்கிறார், பன்னிரண்டு சுருதியிலும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அப்புறம் வாத்தியத்தை எடுத்துவிட்டு, அதே ஸ்வரங்களில் தலைப்பைக் குரலால் நாமாவளி மாதிரி ஜபிக்கிறார்.

நான்காம் பகுதிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. அட்டையில் அவர் எழுதிய ஒரு தோத்திரம் அச்சாகியிருக்கிறது. பல வருடம் அது வெறும் அலங்காரம் என்றே பலர் நினைத்தார்கள். தோத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாக்ஸபோனைத் தொடர்ந்தால், அவர் அதை அசை அசையாக வாத்தியத்தில் சொல்லிக்கொண்டு போவது தெரியும். கடவுளுக்கு நன்றி என்ற வரி வரும்போதெல்லாம் சொற்றொடர் ஒரே மாதிரி இறங்கி நிற்கும். விருத்தம் பாடுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தாளமில்லாத இந்த நடை வேற்றாகத் தோன்றாது.

மேடையில் முழுதாக இதை வாசித்தது அபூர்வம். பிரான்சில் 1965 ஜூலையில் ஒருமுறை. அக்டோபரில் சியாட்டில் கிளப்பில் வாசித்த பதிவு 2021இல் ஆல்பமாக வந்தது.

அதற்குப் பிறகு வந்தவை வெறும் இரைச்சல் என்கிறார்களே?

1965 ஜூன் 28 அன்று பதினோரு பேரைக் கூட்டி 'அசென்ஷன்' பதிந்தார். ஏறக்குறைய நாற்பது நிமிடம் சேர்ந்து ஊதுவதும், இடையிடையே ஒருவர் தனியாக ஊதுவதும். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற அனுபவம். முதல் தடவை எனக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு டேக் எடுத்தார்கள். முதலில் ஒன்று வெளியானது. கோல்ட்ரேனுக்கு மற்றதே பிடித்திருந்ததால், அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே தட்டை மட்டும் மாற்றிவிட்டார்கள். தேதியை மட்டுமல்ல, சில சமயம் அட்டையையே நம்ப முடியாது.

அந்த வருடக் கடைசியில் டைனர் விலகினார். அடுத்த வருடத் தொடக்கத்தில் எல்வினும் போனார். இரண்டாவது மனைவி ஆலிஸ் பியானோவுக்கு வந்தார், ஃபேரோ சாண்டர்ஸ் இரண்டாவது டெனர், ரஷீத் அலி டிரம்ஸ். கடைசிக் காலத்தைப் பிடித்துக்கொள்ள 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' நல்ல வழி. ரஷீத் அலியும் அவரும் மட்டும், 1967 பிப்ரவரியில். நெரிசல் இல்லாததால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்கும். பாதிக்கு மேல் கணக்குதான், இரைச்சல் இல்லை. வெளியானது 1974இல்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு. ரவிசங்கரின் இசைத்தட்டுகளை விரும்பிக் கேட்டார். 1961இல் 'இந்தியா' என்றே ஒரு பாட்டு, இரண்டு பேஸ் வாத்தியங்கள் சுருதி போல ஒரே இடத்தில் நிற்க. பிறகு ரவிசங்கரை நேரில் சந்தித்து ராகம், தாளம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இவ்வளவு பக்தியுள்ள மனிதரின் இசையில் ஏன் இத்தனை கொந்தளிப்பு என்று ரவிசங்கருக்குப் புரியவில்லை. 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். ரவி கோல்ட்ரேனும் இன்று பேர் பெற்ற சாக்ஸபோன் கலைஞர்.

நம் பக்கத்துத் தொடர்பு ஆலிஸ் வழியாக வருகிறது. கணவர் இறந்த துயரத்தில் இருந்தவர் சுவாமி சச்சிதானந்தரைக் குருவாக ஏற்றார். சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துக்காரர். 1969 உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசினாரே, அவர்தான். அவருடைய குரு சுவாமி சிவானந்தர் பிறந்தது பத்தமடை, பாய்க்குப் பேர்போன அதே ஊர். ஆலிஸ் 1970 கடைசியில் இந்தியா வந்தார். 1971இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தில் தம்பூராவின் மேல் அவர் ஹார்ப் வாசிப்பதைக் கேட்டால் கணவர் விட்ட இடம் எது என்று தெரியும். பின்னாளில் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் வைத்து நடத்தினார்.

எப்படி இறந்தார்?

கல்லீரல் புற்றுநோய். வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 1967 ஏப்ரலில் நியூயார்க் ஹார்லெமில் வாசித்தார், ஜூலை 17 அன்று லாங் ஐலண்ட் மருத்துவமனையில் இறந்தார். இறுதிச் சடங்கில் சாக்ஸபோன் கலைஞர்கள் ஆல்பர்ட் அய்லரும் ஆர்னெட் கோல்மனும் வாசித்தார்கள்.

அவர் பெயரில் கோயில் இருப்பது நிஜமா?

சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரைப் புனிதராக வணங்கும் தேவாலயம் இருக்கிறது. வழிபாட்டில் 'எ லவ் சுப்ரீம்' உண்டு. 1966 ஜூலையில் ஜப்பான் போனபோது, பத்து வருடம் கழித்து என்னவாக இருக்க ஆசை என்று நிருபர்கள் கேட்டார்கள். புனிதராக, என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். பகடியா, நிஜமா என்பது கேட்பவர் பாடு.

இப்போதும் "புதிய" கோல்ட்ரேன் ஆல்பம் வருகிறதே, எப்படி?

டேப்கள் எங்கெங்கோ கிடக்கின்றன. 1963 மார்ச் 6 அன்று, அதாவது ஹார்ட்மன் பதிவுக்கு முந்தைய நாள், நால்வர் குழு பதிந்த ஒன்று இருக்கிறது. கம்பெனியின் மூலப் பிரதி தொலைந்துபோக, கோல்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துப்போன நகல் முதல் மனைவி நைமாவின் குடும்பத்தில் பத்திரமாக இருந்தது. 2018இல் 'போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்று வந்தது. கனடாவில் எடுத்த ஒரு படத்துக்காக 1964இல் பதிந்தது 2019இல் வந்தது. டால்ஃபியோடு வில்லேஜ் கேட் கிளப்பில் 1961இல் வாசித்தது 2023இல். எதையும் வாங்குமுன் பதிவுத் தேதியைப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

'ப்ளூ ட்ரெயின்', 'மை ஃபேவரிட் திங்ஸ்', ஹார்ட்மன் ஆல்பம், 'கிரெசென்ட்', 'எ லவ் சுப்ரீம்'. இந்த ஐந்தும் பழகிய பிறகு 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. 'அசென்ஷன்' அவசரமில்லை.

அவ்வளவு நேரமில்லை. ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள்.

'நைமா'. நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது, ஆனால் மற்ற பாட்டுகளோடு மே மாதத்தில் பதிவானதில்லை. 1959 டிசம்பர் 2 அன்று தனியாகப் பதிந்தது. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவரும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவர்கள். பேஸ் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடும், மேலே கார்டுகள் மட்டும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நிறுத்தத் தெரியாதவர் என்று பேர் வாங்கிய மனிதர் இதில் தனி வாசிப்புகூட எடுத்துக்கொள்ளவில்லை. மெட்டைச் சொல்கிறார், பியானோவுக்கு இடம் விடுகிறார், மறுபடி மெட்டைச் சொல்லிவிட்டு மேலே ஏறிப்போய் நிறுத்திவிடுகிறார்.